கருவி வாடகைக்கு, உரிமை யாருக்கு?
சிறு வடிவமைப்பகங்களை நெருக்கும் புதிய நிலைமைகள் குறித்து ஒரு நோக்கு

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஐந்து நாள் இடைவெளியில் இரு செய்திகள் வெளியாகின. ஒக்ரோபர் 30ஆம் திகதி, அவுஸ்திரேலியாவைத் தளமாகக் கொண்ட கன்வா நிறுவனம், தான் முந்திய ஆண்டில் விலைக்கு வாங்கியிருந்த அஃபினிற்றி என்னும் வரைகலை மென்பொருளை இனி எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. நவம்பர் 4ஆம் திகதி, கெற்றி இமேஜஸ் என்னும் படக் களஞ்சிய நிறுவனம், செயற்கை நுண்ணறிவால் படம் வரையும் பொறியை உருவாக்கிய ஸ்ரெபிலிற்றி நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் இலண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விரண்டும் தொழில்நுட்பச் செய்திகளாகவே பெரும்பாலோரால் வாசிக்கப்பட்டன. எனினும் இலண்டன், பாரிஸ், சூரிச், ரொறன்ரோ முதலிய நகரங்களில் எம்மவர் நடத்தும் சிறு வடிவமைப்பகங்களைப் பொறுத்தவரை இவை வயிற்றுப்பாட்டுச் செய்திகளாகும். வேலை செய்யும் கருவி எவருடையது என்ற வினாவை முதற் செய்தி எழுப்புகிறது. அவ்வேலையாற் பிறக்கும் வடிவம் எவருடையது என்ற வினாவை இரண்டாவது செய்தி எழுப்புகிறது. இவ்விரு வினாக்களையும் கேளாமலே தொழில் நடத்திய காலம் ஒன்றிருந்தது. அக்காலம் முடிந்துவிட்டது என்பதே எமது கணிப்பு.

எம்மவர் கைத்தொழில்

புலம்பெயர்ந்த எமது சமூகத்தில் வடிவமைப்பகம் என்பது அச்சகத்தின் மடியிலிருந்து பிறந்த தொழில். திருமண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, 31ஆம் நாள் நினைவு மலர், கோயிற் தேர்த்திருவிழா விளம்பரம், கடையின் பெயர்ப்பலகை என்பனவே அதன் ஆரம்ப வேலைகள். பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் மட்டும் வேலை செய்யும் இடங்கள் இவை. கடையொன்றின் மேல்மாடியிலோ வீட்டின் பின்னறையிலோ ஒரு கணினியோடு தொடங்கப்பட்டவை பல.

இன்று வேலையின் தன்மை மாறியுள்ளது. மிளகாய்த்தூளைப் பொதியிட்டு விற்ற கடைக்காரர் அதனைப் பேரங்காடிகளுக்கு விநியோகிக்க விரும்புகிறார். ஒரு கிளையோடு இருந்த உணவகம் நான்கு கிளைகளாக விரிகிறது. இவர்களுக்குத் தேவைப்படுவது தனியொரு படம் அன்று. பெயர்ப்பலகை, பொதி, வாகனம், பற்றுச்சீட்டு, இணையத்தளம், பணியாளர் மேலாடை ஆகிய அனைத்திலும் ஒரே எழுத்தும் ஒரே நிறமும் ஒரே தொனியும் விளங்கவேண்டும். வாடிக்கையாளர் தூரத்தில் நின்றே “இது அவர்களுடையது” என அறிந்துகொள்ள வேண்டும். இதனையே வணிக அடையாளம் என்கிறோம். அதனை வகுப்பதற்கு வரையத் தெரிந்த கையோடு வணிகத்தை விளங்கிக்கொள்ளும் அறிவும் வேண்டும்.

இத்தொழிலுக்கும் அகதி வாழ்வுக்கும் உள்ள உறவு எம்மோடு தொடங்கியதன்று. நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்தோரும் அதனையொட்டிய ஆண்டுகளில் ஜேர்மனியை நீங்கி வந்தோரும் பிரித்தானியாவின் வரைகலையைப் பெரிதும் மாற்றியமைத்தனர். 1932இல் இலண்டன் வந்த ஹான்ஸ் ஷ்லேகர் 1935இல் இலண்டன் பேருந்துத் தரிப்பிடச் சின்னத்தை வகுத்தார். நியூரெம்பேர்க்கிற் பிறந்த ஹென்றியன் 1940இல் எதிரிநாட்டவர் என்ற பெயரில் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின்னர் பிரித்தானிய அரசின் தகவல் அமைச்சுக்கே பிரசாரச் சுவரொட்டிகள் வரைந்தார். பின்னாளில் சொந்த வடிவமைப்பகம் நிறுவி, 1961இல் கே.எல்.எம். விமான நிறுவனத்தின் முடிச்சின்னத்தை உருவாக்கினார். 1935இல் வந்த பேர்தோல்ட் வோல்பே வடித்த அல்பேர்ட்டஸ் எழுத்துருவை இலண்டன் மாநகரின் பழைய வணிகப் பகுதியில் வீதிப் பெயர்ப்பலகைகளில் இன்றும் காணலாம். அவரும் 1940இல் கைதாகி அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டவரே.

இவர்கள் வந்திறங்கியபோது அவர்களிடமிருந்தது கைத்திறன் மட்டுமே. ஆயினும் அவர்கள் அதனைக் கூலிக்கு விற்பதோடு நின்றுவிடவில்லை. அவர்களுட் சிலர் தமது பெயரில் தொழில் நடத்தினர். நிறுவனங்களோடு நேருக்கு நேர் உடன்பட்டனர். தமது வேலைக்குத் தாமே பொறுப்பேற்றனர். எமது வடிவமைப்பகங்கள் கைத்திறனில் அவர்களுக்குப் பின்தங்கியவை அல்ல. பின்தங்கியிருப்பது உடன்படிக்கையில்.

வாங்கிய கருவியும் வாடகைக் கருவியும்

முன்னர் மென்பொருளை ஒருமுறை விலைகொடுத்து வாங்கினால் கணினி உழைக்கும் காலம்வரை அது எமக்குச் சொந்தம் போலவே பயன்பட்டது. 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அடொபி நிறுவனம் இம்முறையை மாற்றியது. 2012இல் வெளியான ஆறாம் பதிப்புத் தொகுதிக்குப் பின்னர் புதிய பதிப்புகள் மாதச் சந்தாவுக்கே கிடைக்கும் என அறிவித்தது. அந்த ஆறாம் பதிப்பின் விற்பனையும் 2017இல் நிறுத்தப்பட்டது. இவ்வாறு உடைமை வாடகையாயிற்று. சந்தா நின்றால் மென்பொருளும் நிற்கும். பத்தாண்டுகளாக வரைந்த கோப்புகள் கையிலிருந்தும் திறக்கவியலாத நிலை ஏற்படும்.

வாடகைக்காரனின் நிலை எத்தகையது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் உணர்த்தின. 2022ஆம் ஆண்டின் இறுதியில் பன்ரோன் நிறுவனத்தின் நிறப் பட்டியல்கள் அடொபி மென்பொருள்களிலிருந்து அகற்றப்பட்டன. அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்புவோர் பன்ரோனுக்குத் தனிச் சந்தா செலுத்த வேண்டியதாயிற்று. செலுத்தாதோரின் பழைய கோப்புகளில் அந்நிறங்கள் கறுப்பாகத் தோன்றின. 2023 ஜனவரியில் ‘ரைப் 1’ வகைப் பழைய எழுத்துருக்களுக்கான ஆதரவை அடொபி முற்றாக நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்களாயினும் அவை அம்மென்பொருள்களின் புதிய பதிப்புகளில் செயலற்றுப் போயின. 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடொபிக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. ஆண்டுச் சந்தாவை இடையில் முறிப்போரிடம் அறவிடப்படும் கட்டணத்தை அந்நிறுவனம் தெளிவாக வெளிப்படுத்தவில்லை என்பது குற்றச்சாட்டு.

இதே காலப்பகுதியில் சந்தை ஒருசிலர் கையிற் குவியும் போக்கும் தென்பட்டது. வளர்ந்துவந்த போட்டியாளரான ஃபிக்மாவை 2,000 கோடி டொலருக்கு வாங்க 2022 செப்டெம்பரில் அடொபி உடன்பட்டது. ஐரோப்பிய, பிரித்தானிய போட்டி ஒழுங்குமுறை அமைப்புகளின் எதிர்ப்பினால் 2023 டிசெம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டது. அஃபினிற்றியை ஆக்கிய நொட்டிங்ஹாம் நிறுவனமோ 2024 மார்ச்சில் கன்வாவின் கைக்குச் சென்றது. ஒருமுறை விலைகொடுத்து வாங்கிப் பயன்படுத்தத்தக்க மாற்று மென்பொருள் என அதுவரை பலர் நம்பியிருந்தது அஃபினிற்றியையே.

அது இலவசமாகியிருப்பது சிறு வடிவமைப்பகத்துக்கு உடனடி நன்மை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இலவசமாகக் கிடைப்பதும் எமக்குச் சொந்தமானதும் ஒன்றல்ல. கொடுத்தவர் நிபந்தனையை மாற்றினால் நாம் பேரம்பேசவும் வழியில்லை. மேலும், அக்கருவி எமக்கு இலவசமாகும் அதே நாளில் எமது வாடிக்கையாளருக்கும் இலவசமாகிறது. “கன்வாவில் என் மகளே செய்துவிடுவாள்” என்று கடைக்காரர் கூறும்போது அவர் பொய் கூறவில்லை. ஓர் அழைப்பிதழுக்கு அது போதுமானதே. எனவே அழைப்பிதழ் வருமானத்தை நம்பித் தொழில் நடத்துவது இனிக் கடினம் என்பதை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழ் எழுத்தின் கதை

எமது வடிவமைப்பகங்களுக்கு மட்டும் உரிய சிக்கலொன்றும் உண்டு. புலம்பெயர் நாடுகளில் ஈழத்தமிழரின் தட்டச்சு வேலைகளில் பெரும்பகுதி நெடுங்காலம் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலேயே நடைபெற்றது. இவ்வெழுத்துருக்களில் திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்படுகிறது. காகிதத்தில் அச்சிடும்வரை இதனாற் பாதகமில்லை. அதே வாசகத்தை இணையத்தளத்திலோ கைத்தொலைபேசியிலோ இடும்போது தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். கடையின் பெயரைத் தேடுவோருக்கும் அது அகப்படாது.

யுனிக்கோட் நியமத்தில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. எனினும் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் கொம்பையும் காலையும் உரிய இடத்தில் பொருத்தக் கற்றுக்கொள்ளப் பல்லாண்டுகள் சென்றன. அடொபியின் இன்டிசைன் 2012ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே தமிழை முறையாகக் கோக்கும் வசதியைப் பெற்றது. இன்று நிலைமை எமக்குச் சாதகமானது. முக்தா மலர், கற்றமரான், மீரா இனிமை, நோட்டோ முதலிய யுனிக்கோட் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை வணிக வேலைகளிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எவரும் திரும்பப் பெற இயலாது. இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் தமிழை ஒழுங்காகக் காட்டுகின்றன. முழுவேலையையும் அவற்றில் செய்ய முடியாதவர்கள்கூட, முடித்த வேலையின் பிரதியொன்றை எந்த மென்பொருளிலும் திறக்கத்தக்க பொதுவான கோப்பு வகையில் சேமித்து வைப்பது அவசியம். சந்தா முடிந்தாலும் வேலை கையில் இருக்கும்.

பொறி வரைந்த படம்

அடுத்து, செயற்கை நுண்ணறிவு. 2022ஆம் ஆண்டில் டால்-ஈ, மிட்ஜேர்னி, ஸ்ரேபிள் டிஃபியூஷன் ஆகியவை அடுத்தடுத்துப் பொதுப் பாவனைக்கு வந்தன. சில சொற்களை எழுதினால் சில வினாடிகளில் படம் வருகிறது. இப்பொறிகள் இணையத்திலிருந்து திரட்டப்பட்ட கோடிக்கணக்கான படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை. அவற்றை வரைந்தோரிடமும் பிடித்தோரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை என்பதே பிணக்கின் வேர்.

இலண்டன் தீர்ப்பு இப்பிணக்கைத் தீர்க்கும் எனப் பலர் எதிர்பார்த்தனர். ஆனால் பயிற்சி பிரித்தானியாவில் நடந்தது என நிறுவ இயலாமையால், பயிற்சி தொடர்பான பிரதான கோரிக்கையைக் கெற்றி நிறுவனம் விசாரணையின் நடுவிலேயே கைவிட்டிருந்தது. எஞ்சிய கோரிக்கையில், மூலப் படங்களைத் தன்னுள் சேமித்து வைக்காத பொறியை ‘உரிமை மீறிய பிரதி’ எனக் கொள்ள முடியாது என நீதிமன்றம் தீர்மானித்தது. கெற்றியின் அடையாளக்குறி சில படங்களில் அப்படியே தோன்றியமை வர்த்தகக் குறி மீறல் என்று மட்டும் மிகக் குறுகிய அளவில் ஏற்கப்பட்டது. பெரும் நிறுவனமொன்றுக்கே இத்துணை சிறு ஆறுதல்தான் கிடைத்ததெனில், தனியொரு வடிவமைப்பாளர் தமது படங்கள் எடுத்தாளப்பட்டமைக்காக இவ்வழியில் நீதி தேடுவது எத்துணை கடினம் என்பது சொல்லாமலே விளங்கும்.

இப்பிரச்சினைக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. அது கடைக்காரரைப் பாதிக்கக்கூடியது. பொறி தானாக ஆக்கிய படைப்புக்கு மனித ஆக்கியோன் இல்லையெனின் பதிப்புரிமையும் இல்லை என 2025 மார்ச்சில் வாஷிங்டன் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறிக்கு இடும் கட்டளைச் சொற்கள் மட்டும் ஒருவரை ஆக்கியோன் ஆக்கிவிடா என அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகமும் அதே ஆண்டு ஜனவரியில் அறிக்கையிட்டது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் கணினி ஆக்கிய படைப்புகளுக்கெனத் தனிப் பிரிவு இருந்தபோதிலும், அதனை நீக்கலாமா என 2024 டிசெம்பரில் அரசே பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. ஆகவே பொறியிடம் இலவசமாகப் பெற்ற இலச்சினையை அடுத்த வீதிக் கடைக்காரர் பிரதி செய்தால், பதிப்புரிமையின் பெயரால் அவரைத் தடுப்பது பல நாடுகளில் சந்தேகத்துக்குரியதே. வர்த்தகக் குறியாகப் பதிவு செய்து பாதுகாக்க வழியுண்டு. ஆனால் அதே பொறி அதே போன்ற வடிவத்தை வேறெவருக்கும் கொடுத்திருக்கவில்லை என எவர் உறுதி கூறுவார்?

இங்கேதான் வடிவமைப்பகத்தின் உண்மையான விற்பனைப் பொருள் வெளிப்படுகிறது. மிளகாய்த்தூள் பொதியொன்றை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பிய உணவுத் தகவல் ஒழுங்குவிதியின்படி பொதியிலுள்ள கட்டாயத் தகவல்களின் எழுத்துயரம் ஆங்கிலச் சிற்றெழுத்து எக்ஸின் அளவில் 1.2 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது. மிகச் சிறிய பொதிகளுக்கு மட்டும் 0.9 மில்லிமீற்றர். 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது கலந்திருப்பினும் பொருட்பட்டியலில் அது தனித்துத் தெரியவேண்டும். பிரித்தானியாவிலும் இவ்விதி தொடர்கிறது. விற்கும் இடத்திலேயே பொதியிடப்படும் உணவுக்கும் 2021 ஒக்ரோபர் முதல் முழுப் பொருட்பட்டியல் கட்டாயமாயிற்று. கனடாவிலோ ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒருங்கே இருத்தல் வேண்டும். கடுகு என்னும் ஒரு சொல் தடித்த எழுத்தில் இல்லாத காரணத்தால் அச்சான பொதிகள் முழுவதையும் கடைகளிலிருந்து மீளப்பெறும் நிலை வரலாம். ஒருவரின் உயிருக்கே ஆபத்தும் நேரலாம். பொறி அழகிய பொதியை வரைந்து தரும். அதற்குப் பொறுப்புக் கூற அது வராது. சரிபார்த்துப் பொறுப்பேற்கும் மனிதருக்கே கடைக்காரர் காசு கொடுக்கிறார். இதனை இருதரப்பாரும் உணர்ந்தாற் பேரத்தின் தன்மையே மாறும்.

வாய்ச்சொல்லின் விலை

எமது சமூகத்தில் இவ்வேலைகள் பெரும்பாலும் வாய்ச்சொல்லில் நடைபெறுகின்றன. “நாங்கள் ஒன்றுக்குள் ஒன்றுதானே, எழுத்தெதற்கு?” என்பதே வழக்கம். ஊரவர், உறவினர், கோயில், பழைய மாணவர் சங்கம் என்னும் பிணைப்புகளால் வேலை கிடைக்கிறது. அதே பிணைப்புகளால் கொடுப்பனவு தள்ளிப்போகிறது. காசைப் பற்றிக் கேட்பவர் மரியாதை தெரியாதவர் ஆகிவிடுகிறார்.

சட்டம் இவ்வழக்கத்தை எவ்வாறு நோக்குகிறது? பிரித்தானியாவில் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வரைந்தவை முதலாளிக்குச் சொந்தம். வெளியாரான வடிவமைப்பாளர் வரைந்தவற்றின் பதிப்புரிமையோ, அவர் கைச்சாத்திட்ட எழுத்து ஆவணத்தின் மூலம் மாற்றித் தரும்வரை சட்டப்படி அவரிடமே இருக்கும். கனடாவின் சட்டமும் எழுத்தையும் கைச்சாத்தையும் கோருகிறது. பிரான்ஸில் மாற்றப்படும் ஒவ்வோர் உரிமையும் தனித்தனியே பெயர் சுட்டப்பட்டு, அதன் எல்லையும் நோக்கமும் இடமும் காலமும் குறிக்கப்பட வேண்டும். ஜேர்மனியில் பதிப்புரிமையை விற்கவே இயலாது. பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வழங்கலாம். பாரிஸிலும் டோர்ட்முண்டிலும் இலண்டனிலும் கிளை வைத்திருக்கும் எம்மவர் நிறுவனமொன்று ஒரே இலச்சினைக்கு மூன்று விதமான சட்டங்களை எதிர்கொள்கிறது.

எழுத்தில்லாத உடன்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு டொக்டர் மார்ட்டின்ஸ் காலணியின் இலச்சினை வழக்கு நல்ல சான்று. விளம்பர நிறுவனமொன்றின் வழியாக, வெளியாரான வடிவமைப்பாளர் ஒருவர் அவ்விலச்சினையை மணிக்கூலிக்கு வரைந்தார். உரிமை குறித்து எவரும் எதுவும் எழுதவில்லை. பின்னர் அவர் தமது பதிப்புரிமையை அவுஸ்திரேலியப் போட்டி நிறுவனமொன்றுக்கு மாற்றிக் கொடுத்தார். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. இலச்சினையொன்றைப் பணம் கொடுத்து வரைவிப்பவர் அதனைப் பிறர் பயன்படுத்தாமல் தடுக்கவும் விரும்புவார் என்பது சொல்லாமலே விளங்கும். எனவே உரிமையின் பயன் காலணி நிறுவனத்துக்கே உரியது என 2005இல் தீர்ப்பாயிற்று. வென்றவரும் ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் செலவிட்டே வென்றார். ஒரு பக்க உடன்படிக்கை இருந்திருப்பின் இவ்வழக்குக்கே இடமிருந்திராது.

கொடுப்பனவுத் தாமதத்துக்கும் சட்டம் வழி வைத்துள்ளது. பிரித்தானியாவின் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு வணிகம் இன்னொரு வணிகத்துக்குச் செலுத்தவேண்டிய பணம் தவணை கடந்தால், இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டிக்கு மேல் 8 வீதம் வட்டி கோரலாம். அத்துடன் 1,000 பவுணுக்குக் குறைந்த கடனுக்கு 40 பவுணும், 10,000 பவுணுக்குக் குறைந்ததற்கு 70 பவுணும், அதற்கு மேற்பட்டதற்கு 100 பவுணும் நட்டஈடாகப் பெறலாம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் 2011ஆம் ஆண்டுப் பணிப்புரையின்படி இதனையொத்த ஏற்பாடு உண்டு. இச்சட்டங்களை உறவினர்மீது எவரும் எளிதிற் பிரயோகிக்கப் போவதில்லை என்பது நாம் அறிந்ததே. ஆயினும் பற்றுச்சீட்டின் அடியில் தவணைத் திகதியையும் இவ்விதியையும் ஒரு வரியில் அச்சிட்டு வைப்பது சண்டையில்லாமலே மதிப்பைப் பெற்றுத்தரும். வேலை தொடங்குமுன் அரைவாசிக் கட்டணத்தை முற்பணமாகப் பெறும் வழக்கமும் அவ்வாறே.

கட்டணம் குறித்தும் தெளிவு தேவை. ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். மாதத்தில் 20 வேலை நாட்கள். அவற்றுள் 10 நாட்கள் வாடிக்கையாளரைத் தேடுவதிலும் கணக்கு வழக்குகளிலும் திருத்தங்களிலும் கழிகின்றன எனக் கொள்வோம். அறை வாடகை, மென்பொருள், மின்சாரம், வரி என்பவற்றுக்கு 1,000 பவுண்; குடும்பச் செலவுக்கு 2,000 பவுண். எஞ்சிய 10 நாட்களும் 3,000 பவுணைச் சுமக்க வேண்டும். நாளொன்றுக்கு 300 பவுண். மூன்று நாள் வேலையான இலச்சினைக்கு 900 பவுண் வாங்கினாற்றான் இவர் நட்டமின்றி நிற்பார். 150 பவுணுக்கு உடன்படுபவர் வாடிக்கையாளருக்குச் சலுகை காட்டவில்லை. தமது பிள்ளைகளின் செலவிலிருந்து அவருக்கு நன்கொடை வழங்குகிறார்.

நைக்கி நிறுவனத்தின் சின்னம் 1971இல் 35 டொலருக்கு வரையப்பட்டது என்பது பலரும் அறிந்த கதை. போர்ட்லன்ட் பல்கலைக்கழக மாணவியான கரொலின் டேவிட்சன் மணிக்கு 2 டொலர் வீதம் கணக்கிட்டே அத்தொகையைப் பெற்றார். 1983இல் அந்நிறுவனம் அவருக்குப் பங்குகளையும் மோதிரமொன்றையும் வழங்கிக் கௌரவித்தது. பலர் இதனை மகிழ்ச்சியான முடிவுள்ள கதையாகக் கூறுவர். ஆனால் 12 ஆண்டுகளின் பின்னர் முதலாளியின் நன்றியுணர்வால் வந்த பரிசு அது. உரிமையால் வந்ததன்று. மற்றவரின் நன்றியுணர்வை நம்பி எவரும் தொழிலை நடத்த இயலாது.

அனுமதியற்றோரின் உழைப்பு

இவை யாவற்றிலும் நலிந்த நிலையில் இருப்போர் புகலிடக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்களே. கணினி வரைகலையைக் கற்று வந்தோர் அவர்களிடையே பலர் உள்ளனர். பிரித்தானியாவில் 2025இல் நடைமுறையிலிருந்த விதிகளின்படி, கோரிக்கை 12 மாதங்களுக்கு மேல் முடிவின்றிக் கிடந்தால் மட்டுமே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் அரசு வகுத்த குறுகிய பட்டியலிலுள்ள வேலைகளை மட்டுமே செய்யலாம். சுயதொழில் நடத்த இயலாது. கனடாவில் கோரிக்கை விசாரணைக்கு ஏற்கப்பட்டு மருத்துவப் பரிசோதனை முடிந்தபின் வேலை அனுமதி பெற வழியுண்டு. நாட்டுக்கு நாடு விதி வேறுபடுவதாலும் அடிக்கடி மாறுவதாலும் எவரும் வேலையொன்றை ஏற்குமுன் தமது சட்டத்தரணியைக் கேட்டறிதல் இன்றியமையாதது. கைக்காசுக்குச் செய்த சிறு வேலையொன்று கோரிக்கைக்கே ஊறு விளைவிக்கலாம்.

இத்தடையைத் தமக்கு வாய்ப்பாகக் கொள்வோர் எம்மிடையே இருக்கின்றனர் என்பதை வெட்கத்தோடேனும் எழுதியாக வேண்டும். “பொழுது போகத்தானே செய்கிறாய்” எனக் கூறி இலச்சினையும் விளம்பரமும் வரைவித்துவிட்டு, ஒருவேளைச் சாப்பாட்டோடு அனுப்பிவிடுவோர் உண்டு. அனுமதியற்றவர் முறையிட மாட்டார் என்னும் துணிவு அது. ஆனால் ஒன்றை இருதரப்பாரும் அறிந்திருத்தல் நன்று. 1886இல் சுவிஸ் தலைநகர் பேர்ணில் உருவான உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடுகளில் பதிப்புரிமை எவ்விதப் பதிவுமின்றி வரைந்த கணத்திலேயே பிறக்கிறது. அதற்கு எந்தப் பத்திரமும் வேண்டியதில்லை. இலவசமாக வரைவித்த இலச்சினையோடு ஐந்து கிளைகள் திறந்த பின்னர், அதனை வரைந்தவர் நாட்டில் நிலைபெற்று வந்து உரிமை கேட்டால் கடைக்காரரின் நிலை சங்கடமானதே. நீதியின் பொருட்டு நேர்மையாக நடக்க விரும்பாதவர் தமது வணிகத்தின் பொருட்டாவது அவ்வாறு நடத்தல் வேண்டும்.

கடைக்காரருக்கும் ஒரு சொல். நிறுவனப் பதிவேட்டில் பெயரைப் பதிவு செய்துவிட்டால் அப்பெயர் தமக்கே உரியதாகிவிட்டது என நம்புவோர் பலர். நிறுவனப் பெயர்ப் பதிவு வேறு, வர்த்தகக் குறிப் பதிவு வேறு. பின்னையதே பிறர் அப்பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்துவதைத் தடுக்கும் உரிமையைத் தருகிறது. பத்தாண்டுகளுக்கொருமுறை அதனைப் புதுப்பிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜனவரிக்குப் பின்னர் பெற்ற பதிவு பிரித்தானியாவில் செல்லாது. அங்கு தனிப்பதிவு வேண்டும். வடிவமைப்பாளரிடமிருந்து உரிமை எழுத்தில் மாற்றப்பட்டிருப்பின் இக்கருமங்கள் இலகுவாகும். எனவே எழுத்து உடன்படிக்கையால் வரைபவர் பெறும் நன்மையில் வரைவிப்பவருக்கும் சமபங்கு உண்டு.

இனிச் செய்யத்தக்கது

எமது நகரங்களில் வர்த்தகர் சங்கங்கள் உள்ளன. ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன, விருதுகள் வழங்குகின்றன. அச்சங்கங்கள் தமிழிலும் அந்தந்த நாட்டு மொழியிலும் ஒரு பக்க உடன்படிக்கை மாதிரியொன்றைச் சட்டத்தரணியைக் கொண்டு தயாரித்து உறுப்பினர்களுக்கு வழங்குவது பெருஞ் செலவான காரியமன்று. வேலை என்ன, எத்தனை திருத்தம், கட்டணம் எவ்வளவு, எப்போது, உரிமை எந்நாளில் எவருக்கு மாறும், பொறியைப் பயன்படுத்தினால் அதனை எங்கே பயன்படுத்தியது என அறிவிக்கும் கடப்பாடு, மூலக் கோப்புகள் எவரிடம் இருக்கும் என்னும் ஏழு விடயங்களும் அதில் இருந்தாற் போதும். கட்டணம் முழுதும் செலுத்தப்படும் நாளிலேயே உரிமை மாறும் என்னும் ஒரு வாசகம் இதுவரை வடிவமைப்பாளர்கள் சிந்திய பெருமளவு கண்ணீரைத் தடுக்கும்.

வடிவமைப்பாளர்களும் தமக்குள் ஒன்றுகூடுதல் வேண்டும். ஒருவரையொருவர் கட்டணத்தில் வெட்டிக்கொண்டு, இறுதியில் அனைவரும் பொறியின் இலவச விலையோடு போட்டியிடுவது எவருக்கும் ஆகாது. உணவுப் பொதி விதிகளை நன்கறிந்தவர் ஒருவர், தமிழ் எழுத்துருவில் தேர்ந்தவர் ஒருவர், பெயர்ப்பலகை நகரசபை அனுமதியில் அனுபவமுள்ளவர் ஒருவர் என வேலையைப் பகிர்ந்தால் பெரிய நிறுவனங்களின் வேலையையும் ஏற்கலாம்.

கருவிகள் இனியும் மாறும். இன்று இலவசமானது நாளை சந்தாவாகும். சந்தாவாக இருப்பது கைமாறும். அம்மாற்றங்கள் எம்மைக் கேட்டு நிகழ்வதில்லை. உடன்படிக்கையின் அடியில் இடப்படும் இரு கைச்சாத்துகள் மட்டும் எமது தீர்மானத்துக்குள் அடங்கியவை. அடுத்த வேலையை ஏற்கும் நாளிலேயே அதனைத் தொடங்கலாம்.